பச்சிளங்குழந்தை இறப்புக் கண்காணிப்பு

பச்சிளங்குழந்தை இறப்புக் கண்காணிப்பு என்பது ஒரு மருத்துவமனையில் பிறக்கும் அல்லது சேர்க்கப்படும் குழந்தைகளுள் எத்தனை பேர் பிழைக்கின்றனர், எத்தனை பேர் எதனால் இறக்கின்றனர் என்பதைத் தொடர்ந்து பதிந்து கணக்கிடும் முறை ஆகும். பிறந்து முதல் 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு பச்சிளங்குழந்தை இறப்பு எனப்படுகின்றது. இது 1000 உயிருள்ள பிறப்புகளுக்கு இத்தனை என்று குறிக்கப்படும். 2030-க்குள் எல்லா நாடுகளும் இவ்வீதத்தை 12 அல்லது அதற்குக் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் பேண்தகு வளர்ச்சி இலக்குகளுள் ஒன்று.

கணக்கிடுவதில் உள்ள சிக்கல்கள்

வசதி குறைந்த மருத்துவமனைகளில் இறப்புகளை எண்ணுவதைவிட, அவ்வெண்ணை எதனால் வகுப்பது என்பதே கடினமானது. ஓரிடத்தில் சிறப்புச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியதும் சுற்றுவட்டாரத்தில் உள்ள நலிந்த குழந்தைகள் அங்கு அனுப்பப்படுவர். ஆகவே சிகிச்சை மேம்பட்ட பின்னரும் இறப்பு வீதம் உயரக்கூடும். இதனைத் தவிர்க்கப் பிறப்பு எடைவாரியாகப் பிரித்து ஒப்பிடுவர். ஏட்டில் எடை பதியப்படாவிடின் எந்த மென்பொருளாலும் இதைச் செய்ய இயலாது. வீடு திரும்பியபின் 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளும் பெரும்பாலும் மருத்துவமனை ஏட்டில் இடம்பெறுவதில்லை.

செத்துப்பிறப்பும் தன்சானியாவும்

தன்சானியாவின் 8 மருத்துவமனைகளில், மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்திற்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்றூட்டப் பேறுகாலப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2013-இல் வெளியான ஆய்வின்படி, முதல் 24 மணிநேர இறப்புகள் 47% குறைந்தன. பிரசவத்தின்போது நேர்ந்தவையாகக் கருதப்பட்ட செத்துப்பிறப்புகளும் 24% குறைந்தன. இறந்த குழந்தையைக் காற்றூட்டி எழுப்ப முடியாது. எனவே இதயத் துடிப்பு இருந்தும் மூச்சின்றிப் பிறந்த சில குழந்தைகள் முன்னர் செத்துப்பிறந்தவையாகப் பதியப்பட்டிருக்க வேண்டும். இக்குழந்தைகள் உயிருள்ள பிறப்புகளாகப் பதியப்படும்போது, அவற்றுள் சில பின்னர் இறந்தால் பச்சிளங்குழந்தை இறப்பு வீதம் கூடியதுபோல் தோன்றும். இதனாலேயே இவ்விரு எண்ணிக்கைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

மலாவி ஆய்வு

மலாவியின் பிளாண்டயர் நகரிலுள்ள குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையில், மூச்சுத் திணறல் உள்ள குழந்தைகளுக்குக் குறைந்த விலைக் குமிழிக் காற்றழுத்தக் கருவி பொருத்தப்பட்டது. வெளியேறும் குழாயின் நுனி நீரில் எவ்வளவு ஆழத்தில் உள்ளதோ அதற்கேற்ப நுரையீரலில் அழுத்தம் நிலைநிற்கும். மீன்தொட்டிக் காற்று எக்கிகளே இதன் உள்ளே இயங்குகின்றன! 2014-இல் வெளியான முடிவின்படி, கருவி பெற்றோரில் 71 விழுக்காட்டினரும் ஆக்சிசன் மட்டும் பெற்றோரில் 44 விழுக்காட்டினரும் பிழைத்தனர். எனினும் இது நூற்றுக்கும் குறைவான குழந்தைகளைக் கொண்ட ஆய்வு. கருவி கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே குழுக்கள் அமைந்தன, குலுக்கல் முறையில் அல்ல.