ஏரியின் அடியில் நான்கு கிராமங்கள்

ஹாலந்தின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், புதிதாய் வருபவரைத் திகைக்க வைக்கும் காட்சி ஒன்று உண்டு. தாழ்ந்த புல்வெளியில் பசுக்கள் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றின் தலைக்கு மேலான மட்டத்தில், நீண்டதொரு கரைக்கு அப்பால், கால்வாயில் படகு போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் மேலே, நிலம் கீழே! அந்தக் கரை ஓரிடத்தில் உடைந்து, அதை அடைப்பாரும் இல்லாமற்போனால், பசுக்கள் நிற்குமிடம் மீண்டும் ஏரியாகிவிடும். ஏனெனில் அவை நிற்பது ஏரியின் அடித்தரையிலேதான்.

இந்தப் பூமிக்குப் பேம்ஸ்டர் என்று பெயர். கடல் மட்டத்துக்குச் சுமார் மூன்றரை மீட்டர் தாழ்ந்து கிடக்கும் இதன் பரப்பு ஏறக்குறைய 7,200 ஹெக்டேர். அதாவது 17,000 ஏக்கருக்கு மேல். இதனுள் நான்கு சிற்றூர்கள் இருக்கின்றன. பெரிய கோபுரங்களோ, அரண்மனைகளோ அவற்றில் இல்லை. ஆயினும் 1999-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ, இந்தப் பூமி முழுவதையும் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. வயலுக்கும் வாய்க்காலுக்கும் சாலைக்கும் இவ்வளவு மதிப்பு எதனால் வந்தது என்பதை அறிய வேண்டுமானால், ஏரியின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

தரை நீரான கதை

ஆதியில் அங்கே ஏரி இருந்ததில்லை. ஈரத்தில் செடி கொடிகள் மக்கிப் படிந்து உண்டான கரிமண் பூமியும், அதனூடே ஓடிய ஒரு சிற்றாறுமே இருந்தன. அப்பக்கத்து ஜனங்கள் அந்த மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, உலர்த்தி, விறகுக்குப் பதிலாக எரித்து வந்தனர். வெட்ட வெட்டத் தரை தாழ்ந்தது. புயற் காலங்களில் நீர் வந்து அந்தப் பள்ளங்களில் தங்கியது. 1150-ஆம் ஆண்டுக்கும் 1250-ஆம் ஆண்டுக்கும் இடையே சிற்றாறு பெரிய ஏரியாயிற்று. ஸைடர்ஸே என்னும் உள்நாட்டுக் கடலோடு அது தொடர்புற்றிருந்தமையால், ஒவ்வொரு புயலின்போதும் அலைகள் கரையைக் கடித்து ஏரியை அகலமாக்கின. மனிதர் தம் அடுப்புக்காகத் தோண்டிய பள்ளமே பிற்காலத்தில் அவர்கள் ஊர்களை விழுங்க வந்தது.

வர்த்தகரின் பணம், கூலியாளின் மண்வெட்டி

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரம் செழித்தது; ஜனத்தொகை பெருகியது; உணவுப் பொருள்களின் விலை ஏறியது. நிலத்துக்கு இருந்த கிராக்கியைக் கண்ட வர்த்தகர் சிலர், ஏரியையே வற்றச் செய்து வயலாக்கினால் லாபம் வரும் என்று கணக்கிட்டனர். 1607-இல் ஹாலந்து மாகாணச் சபை அதற்கு அனுமதி அளித்தது. 123 பேர் பங்குதாரராகச் சேர்ந்தனர்.

இவர்களுள் முக்கியமானவர் டிர்க் வான் ஓஸ் என்னும் வர்த்தகர். இந்தப் பெயரை நாம் கவனிக்க வேண்டும். 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியபோது, ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் வரிசையாக வந்து பங்குப் பணத்துக்குக் கையெழுத்திட்டது இவருடைய வீட்டிலேதான். அதே கம்பெனிதான் நம் சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தது. 1613-இல் அங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டி முடித்தது. 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது. ஜாதிக்காய் வியாபாரத்துக்காக 1621-இல் பாண்டாத் தீவுகளின் ஜனங்களைப் பெரும்பாலும் அழித்தொழித்ததும் அதே கம்பெனியே. தம் நாட்டில் தண்ணீரை வென்று நிலம் படைத்த ஊக்கமும், பிறர் நாட்டில் நிலத்தையும் உயிரையும் பறித்த பேராசையும் ஒரே வீட்டு வாசலில் கூடியிருந்தன. ஒன்றைப் புகழும்போது மற்றொன்றை மறைப்பது சரித்திரமாகாது.

வேலை நடந்த விதம் இது. முதலில் ஏரியைச் சுற்றி வளையமாகக் கரை எழுப்பினார்கள். கரைக்கு வெளியே வளையமாகவே ஒரு கால்வாய் வெட்டினார்கள். பின்னர்க் காற்றாலைகளை நிறுவி, ஏரித் தண்ணீரை அந்தக் கால்வாயில் ஏற்றிக் கடலுக்குப் போக்கினார்கள். ஓர் ஆலை தனியாக நீரை அதிக உயரம் ஏற்ற இயலாது. ஆகவே, ஒன்று ஏற்றிய நீரை அடுத்தது வாங்கி இன்னும் மேலே ஏற்றும்படி, படிப்படியாக ஆலைகளை வரிசையில் அமைத்தனர். முடிவில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் சுழன்றன.

ஆலைகளின் வேலையை மேற்பார்த்தவர்களுள் புகழ் பெற்றவர் யான் லேக்வாட்டர் என்பவர். ஏரிக்கு அருகிலிருந்த டெ ரைப் என்னும் கிராமத்தில் 1575-இல் பிறந்த இவர் தச்சுத் தொழிலிலும் ஆலை நிர்மாணத்திலும் வல்லவர். பிற்காலத்தார் ஏரியை வற்றச் செய்த பெருமை முழுவதையும் இவர் ஒருவருக்கே சூட்டிவிட்டனர். உண்மையில் நில அளவையாளர், கரை அமைப்போர், ஆலைத் தச்சர், மண் சுமந்த பெயர் தெரியாத கூலியாட்கள் ஆகிய எல்லோருடைய கைகளும் சேர்ந்து செய்த காரியம் அது.

1610 ஜனவரியில் பெரும்புயல் அடித்தது. கடற்கரை அணை உடைந்து வெள்ளம் பாய்ந்து, வற்றி வந்த ஏரி மீண்டும் நிரம்பியது. போட்ட பணமும் பட்ட பாடும் நீரோடு போயின. எனினும் வேலையை அவர்கள் கைவிடவில்லை. வளையக் கரையை முன்னிலும் உயர்த்தி, இறைப்பை மறுபடி தொடங்கினர். 1612 மே மாதத்தில் தரை தெரிந்தது.

கோடு போட்ட பூமி

ஏரித் தரையில் பழைய பாதை இல்லை. பழைய வேலி இல்லை. பாட்டன் நட்ட எல்லைக்கல் இல்லை. எனவே அளவையாளர்கள் வெறுங்காகிதத்தில் எழுதுவதுபோல் அதன்மேல் கோடு கிழித்தனர். நேரான சாலைகளும் நேரான வாய்க்கால்களும் ஒன்றையொன்று குறுக்கிட்டு, பூமி முழுவதையும் பெரிய சதுரங்களாகப் பிரித்தன. ஒவ்வொரு சதுரத்தின் பக்கமும் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவானது. அதனுள் நீண்ட செவ்வகத் துண்டங்களாக நிலம் பங்கிடப்பட்டது. சாலையோரங்களில் மரங்கள் வைக்கப்பட்டன. அக்காலத்து ஐரோப்பியக் கலைஞர் போற்றிய ஒழுங்கும் அளவும் அந்தச் சேற்றுத் தரையில் உருவெடுத்தன.

வீடுகளும் அந்த ஒழுங்குக்கு இசைந்தே எழுந்தன. அப்பகுதியின் பண்ணை வீடு சதுரமானது; அதன் கூரை நாற்புறமும் சரிந்து உச்சியில் கூடும். நடுவே நான்கு பெரிய தூண்கள். தூண்களுக்கு இடையே வைக்கோல் போர்; அதைச் சுற்றி ஒரு பக்கம் மாட்டுக்கொட்டில், மறுபக்கம் குடும்பம் வசிக்கும் அறைகள். மனிதரும் மாடும் தீவனமும் ஒரே கூரையின் கீழ்! நீண்ட குளிர்காலத்தில் வெளியே காலெடுத்து வைக்காமலே எல்லா வேலையும் முடியும்.

முதலில் அங்கே தானியம் விளைவிக்கவே எண்ணியிருந்தனர். ஆனால் ஈரம் மிகுந்த அந்த மண் உழவைவிடப் புல்லுக்கே ஏற்றது என்பது நாளடைவில் தெரிந்தது. வயல்கள் மேய்ச்சல் நிலமாயின. நெற்களஞ்சியம்போல் நிரம்ப வேண்டியவை பாற்குடங்களாயின. பதினெட்டாம் நூற்றாண்டில் கொள்ளை நோய் வந்து ஹாலந்தின் மாடுகளை வாரிக்கொண்டு போனபோது இவ்வூர்களும் துயருற்றன. மீண்டும் மந்தை பெருக்கினர். 1901-இல் பாலுக்கு நியாயமான விலை பெறுவதற்காக விவசாயிகள் கூட்டுறவுப் பாலாடைக்கட்டிச் சங்கம் கண்டனர். பேம்ஸ்டர் பாலாடைக்கட்டி என்று பிற தேசங்களிலும் விற்பனையாவது அவர்களுடைய சரக்கே.

நான்கு ஊர்கள், நான்கு குணங்கள்

நான்கு ஊர்களில் நடுநாயகமானது மிட்டன்பேம்ஸ்டர். இரண்டு பெருஞ்சாலைகள் சந்திக்குமிடத்தில், திட்டமிட்டபடியே அமைந்தது. அதன் தேவாலயம் 1623-இல் எழுந்தது. அந்த ஊர்ப் பள்ளி உபாத்தியாயர் ஒருவருக்கு 1622-இல் பிறந்த மகன்தான் காரெல் பாப்ரீஷியஸ். இவர் ரெம்பிராண்டிடம் பயின்று, சங்கிலியால் கட்டப்பட்ட ஒரு சிறு பறவையின் படத்தினால் உலகப் புகழ் பெற்றார். அப்படத்தைத் தீட்டிய 1654-ஆம் ஆண்டிலேயே, டெல்ப்ட் நகரத்து வெடிமருந்துச் சாலை வெடித்ததில் மாண்டார்.

அதே ஊரின் பாதிரியார் இல்லத்துக்கு 1759-இல் இருபத்தொரு வயது மணமகளாக வந்தவர் பெட்யே வோல்ப் அம்மையார். கணவருக்கோ ஐம்பதுக்கு மேல் வயது. தனிமை மிகுந்த அவ்வீட்டில் புத்தகங்களே அவருக்குத் துணை. 1777-இல் கணவர் இறந்தபின், ஆக்யே டேக்கன் என்னும் தோழியோடு சேர்ந்து 1782-இல் ஒரு நாவல் வெளியிட்டார். டச்சு மொழியின் முதல் பெரிய நாவல் என்று அதை இன்றும் போற்றுகின்றனர். சின்னஞ்சிறு ஊர் ஒன்று ஒரு சித்திரக்காரரையும் ஓர் எழுத்தாளரையும் வளர்த்தது சிறிய காரியமன்று.

மேற்கே இருப்பது வெஸ்ட்பேம்ஸ்டர். கத்தோலிக்கர் கூடிய ஊர். புராடெஸ்டண்ட் ஆட்சியில் கத்தோலிக்கர் பகிரங்கமாக வழிபடுவதற்குத் தடை இருந்தது. மறைவாக வழிபட்டே தம் மதத்தைக் காத்தனர். வடக்கே நோர்ட்பேம்ஸ்டர், சாலையோரம் பண்ணைகள் இடைவிட்டு நிற்கும் அமைதியான இடம். தென்கிழக்கே ஸைடோஸ்ட்பேம்ஸ்டர். அதையடுத்திருக்கும் புர்மெரெண்ட் நகரத்தின் நிழல் அதன்மேல் விழுகிறது. காய்கனித் தோட்டங்கள் இருந்த இடங்களில் புது வீடுகள் எழுந்திருக்கின்றன.

மண்வெட்டிச் சட்டம்

மதத்தால் வேறுபட்டாலும், செல்வத்தால் ஏற்றத்தாழ்வு இருந்தாலும், இவ்வூரார் எல்லோரையும் கட்டிய கயிறு ஒன்று உண்டு. அதுவே தண்ணீர். என் அயலான் கத்தோலிக்கனா, புராடெஸ்டண்டா என்று கரை கேட்பதில்லை. உடைந்தால் இருவர் வீட்டிலும் ஒரே வெள்ளம்.

ஹாலந்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே நீர்ச் சபைகள் உண்டு. கரையையும் கால்வாயையும் காப்பது, அதற்கு வரி வாங்குவது, கடமை தவறியவனைத் தண்டிப்பது ஆகியவை அவற்றின் அதிகாரம். மத்திய காலத்தில் கடுமையான வழக்கமொன்று நிலவியது. தன் பங்குக் கரையைப் பழுது பார்க்கச் சக்தியற்ற குடியானவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு அவன் நிலமும் சேரும். கரை காக்கும் கடமையும் சேரும். கேட்பதற்கு இரக்கமற்றதாகத் தோன்றுகிறது. ஆனால் ஒருவன் அசட்டையினால் நூறு குடும்பம் மூழ்கும் இடத்தில், உரிமையையும் கடமையையும் பிரித்து வைக்க அவர்களால் இயலவில்லை.

பேம்ஸ்டரிலும் அவ்வாறே சபை அமைந்து நீர் மட்டத்தைக் காத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்றாலைகள் நீராவி இயந்திரங்களுக்கு இடம் விட்டன. பிறகு அவையும் நவீன இயந்திரங்களுக்கு வழிவிட்டன. யந்திரம் மாறியது, கடமை மாறவில்லை.

தண்ணீரே காவல்

பகையாயிருந்த தண்ணீரையே காவலாக வைத்த விந்தையும் இங்கே நடந்தது. 1880 முதல் 1914 வரை ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி ஒரு கோட்டை வளையம் கட்டினார்கள். எதிரி வந்தால் மதகுகளைத் திறந்து நிலத்தை மூழ்கடிப்பது. படகு போக முடியாத ஆழமின்மையும், படை நடக்க முடியாத சேறும் உண்டாகும்படி செய்வது. இதுவே அதன் தந்திரம். அவ்வளையத்துக் கோட்டைகளில் ஐந்து பேம்ஸ்டரின் எல்லையிலேயே நிற்கின்றன. பாட்டனார் வற்றச் செய்த நிலத்தை, தேசம் கேட்டால் பேரன் நீரில் விட வேண்டும் என்பது அதன் பொருள். விமானங்கள் வந்தபின் அந்தத் தந்திரத்துக்கு வேலை இல்லாமற்போயிற்று.

பெயர்ப்பலகை மாறிய பிறகு

2022 ஜனவரி 1-ஆம் தேதி பேம்ஸ்டர் தன் தனி நகராண்மையை இழந்து புர்மெரெண்ட் நகரத்தோடு இணைந்தது. ஏறக்குறைய 10,000 பேர் கொண்ட கிராம நிர்வாகம், நாளுக்கு நாள் பெருகும் பொறுப்புகளைத் தனியே தாங்குவது கடினம் என்பதே காரணம். நீர்ச் சபைகளின் கதையும் இதுவே. 1950-ஐ ஒட்டி 2,500-க்கும் மேலிருந்த அவை இன்று 21-ஆகக் குறைந்துவிட்டன. வட ஹாலந்தின் பெரும்பகுதிக்கு இப்போது ஒரே சபை. திறமை கூடியிருக்கலாம், செலவு குறைந்திருக்கலாம். ஆயினும் தன் வாய்க்காலைப் பற்றித் தானே கூடிப் பேசித் தீர்மானித்த குடியானவன், இன்று வரிச்சீட்டைப் பெற்றுப் பணம் கட்டுபவனாகிறான். நம் ஊர்களில் குடிமராமத்து மறைந்து, ஏரி சர்க்கார் சொத்தானபோது நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இந்த மாறுதலின் கனம் விளங்கும்.

அத்துடன், புவி வெப்பமடைந்து கடல் உயர்ந்து வருகிறது. பெருமழையும் நீண்ட வறட்சியும் மாறி மாறி வருகின்றன. 1612-இல் வென்றதாக நினைத்த போர் முடியவில்லை. அது தினந்தோறும் நடப்பது.

அவ்வூராரின் சிக்கனத்தையும், சுருங்கிய பேச்சையும், காலந்தவறாமையையும் கண்டு அயலார் அவர்களை உணர்ச்சியற்றவர் என்பதுண்டு. காலால் மிதிக்கும் மண் தினமும் காப்பாற்றப்பட வேண்டிய மண் என்றால், வீண் பேச்சுக்கு மனம் எப்படி வரும்? நகராண்மை அலுவலகத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடலாம். இறைப்பு இயந்திரத்தை ஒரு மாதம் நிறுத்திவைக்க எந்தச் சர்க்காராலும் முடியாது. இன்றிரவும் நான்கு ஊர்களும் உறங்கும்போது அது ஓடிக்கொண்டிருக்கும். பெய்த மழை வாய்க்காலிலிருந்து மேலேறிக் கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கும்.