வில்லோ இல்லாத ஊரில் ஒரு கட்டில்

வளைந்த கிளைகளை, பட்டையைக்கூடச் சீவாமல் அப்படியே வைத்து நாற்காலி, கட்டில் செய்கிற பாணி ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதற்கு அவர்கள் எடுப்பது வில்லோ கிளைகளை. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருக்கும் எனக்கும் அப்படி ஒன்று செய்துபார்க்க ஆசை வந்தது. படித்ததையும், செய்து கெடுத்ததில் கற்றதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதல் கேள்வி, வில்லோ இங்கே கிடைக்குமா? அந்தக் குடும்பத்தில் நம்மிடம் ஒரு மரம் இருக்கு: ஆற்றுப்பாலை. ஆனால் அது ஓடைக்கரை ஈரத்தில் வளர்வது. கல்லும் வெயிலுமான நம்ம ஊரில் அதைத் தேடி அலைவதில் பயனில்லை. வில்லோவுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று யோசித்தால் வேறு வழி தெரியும். பச்சையாக இருக்கும்போது அதன் கிளை ஒடியாமல் வளையும். காய்ந்ததும் அந்த வளைவிலேயே நின்றுவிடும். நமக்கு வேண்டியது அந்தக் குணம்தான், அந்த மரமே அல்ல.

அந்தக் குணத்தை நம் பக்கத்துக் காடுகளிலேயே ஒரு செடியிடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது உண்ணிச்செடி. கொத்துக் கொத்தாகப் பூக்கும் இந்த அமெரிக்கச் செடியை 1800களின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இலை மாட்டுக்கு நஞ்சு, அதனால் மேய்ச்சலில் குறைவதில்லை. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புகின்றன. இன்று புலிக் காடுகள்வரை பரவிக்கிடக்கு. கர்நாடகத்தின் மலை மாதேஸ்வரர் மலையில் மூங்கிலும் பிரம்பும் அரிதானபோது, ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் துணையோடு அங்குள்ள பழங்குடி மக்கள் உண்ணிக் குச்சியில் நாற்காலி, மேசை செய்யத் தொடங்கினார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் இதே குச்சியில் செய்த ஆளுயர யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

நான் முதலில் செய்த தப்பு, குச்சியை வெட்டி ஒரு வாரம் மூலையில் சாத்தி வைத்தது. வளைத்தபோது பட் பட்டென்று ஒடிந்தது. எட்டிப் பார்த்த ஆசாரி சிரித்தார். "இது அடுப்புக்குத்தான் சாமி ஆகும். பச்சையிலயே வேக வெச்சிருக்கணும்."

அவர் சொன்னது சரி. மர நார்களைப் பசைபோல ஒட்டிப் பிடித்திருக்கும் பொருள் ஈரச் சூட்டில் இளகும், ஆறினால் மறுபடி இறுகும். வேகவைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: பட்டை எளிதாக உரிந்துவிடும். பட்டைக்கு அடியில் ஈரம் தங்கினால் பூச்சி எளிதில் குடியேறும்.

இரண்டாம் முறை கட்டைவிரல் பருமனுள்ள குச்சிகளாக வெட்டி, அன்றைக்கே வாடகை அண்டாவில் வேகவைத்தேன். நீளக் குச்சி முழுசாக மூழ்காததால் ஒரு முனை வெந்ததும் மறு முனையைத் திருப்பிவிட்டேன். சூட்டோடு பட்டையை உரித்து, பலகையில் வில் வடிவில் அடித்த ஆணிகளுக்கு இடையே வளைத்துக் கயிற்றால் கட்டி, நிழலில் காயவிட்டேன். ஒன்றுகூட ஒடியவில்லை.

ஆனால் முழுக் கட்டிலையும் இதில் செய்ய முடியாது. உண்ணித் தண்டு அவ்வளவு பருக்காது, ஆள் எடையைத் தாங்கும் கால்களுக்கு ஆகாது. அதனால் காலும் சட்டமும் காய்ந்த வேப்பமரம். தலைமாட்டு வளைவுகள் மட்டும் உண்ணி. ஆணி அடிக்கும் முன் துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முனை பிளந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அருணாசல மலை காப்புக்காடு. களைச்செடிதானே என்று அங்கே போய் வெட்டக்கூடாது, வனத்துறை அனுமதி வேண்டும். நான் வெட்டியது நண்பரின் பட்டா நிலத்தில், அவரைக் கேட்டுவிட்டுத்தான்.

கட்டில் நன்றாகவே வந்திருக்கு. நிலத்துக்கு நல்லது செய்துவிட்டேன் என்ற நினைப்புதான் நிலைக்கவில்லை. ஒரு மழை பெய்ததும் போய்ப் பார்த்தேன். வெட்டிய ஒவ்வொரு அடிக்கட்டையிலும் நாலைந்து புதுத் தளிர். குச்சிக்காக மேலே மட்டும் வெட்டினால் செடி இன்னும் அடர்த்தியாகத்தான் வரும். மண்ணுக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால்தான் அது சாகும். அடுத்த வாரம் கடப்பாரையோடு போகிறோம். மேசைக்கு வேண்டிய குச்சியை அதற்கப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.