பிள்ளைப்பருவ நிழற்படங்களும் அவற்றின் உரிமையும்: சட்டநோக்கில் சில குறிப்புகள்

ஒருவர் தமது பிள்ளைப்பருவ நிழற்படத்தை இணையத்தில் வெளியிடுவதற்குப் பிறரிடம் அனுமதி பெறல்வேண்டுமோ என வினவின், அது வீண்வினா என்றே பலரும் கொள்வர். முகம் தம்முடையது, படம் தம் வீட்டு அல்பத்தில் இருந்தது, இதிற் பிறர்க்கு என்ன உரிமை? ஆயின் சட்டம் இதனை இவ்வாறு நோக்குவதில்லை. அது எழுப்பும் முதற் கேள்வி, படத்தில் இருப்பவர் யார் என்பதன்று; படத்தை எடுத்தவர் யார் என்பதே.

எம்மவரைப் பொறுத்தவரை இது வெறும் ஏட்டுவினாவன்று. 1983 ஆம் ஆண்டு வன்செயல்களிலும், 1995 ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்விலும், 2009 வரை நீடித்த வன்னி இடப்பெயர்வுகளிலும் வீட்டோடு அல்பத்தையும் இழந்த குடும்பங்கள் பல. அத்தகையோர் தமது குழந்தை முகத்தை இன்று காண்பது, பெரியம்மாவோ சித்தப்பாவோ கடல் கடந்து கொண்டுசென்ற ஒரு பிரதியிலேயே. அப்பிரதி பெரும்பாலும் இணையவழியே மீள்கின்றது. ஆதலின் உரிமை யாருடையது எனத் தெளிதல் அவசியமாகின்றது.

படத்தாளை வைத்திருத்தல் வேறு, பதிப்புரிமை வேறு. ஆச்சியின் பெட்டகத்திலுள்ள படம் ஆச்சியின் உடைமை. அதனைப் பெருக்கவும் பொதுமக்களுக்கு வெளிப்படுத்தவும் உள்ள உரிமை அவ்வுடைமையோடு சேர்ந்து வருவதன்று. இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவை இயற்றப்படும்வரை, 1911 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டமே அடிப்படையாக இருந்தது. அச்சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்கெனப் படம் எடுப்பித்தாராயின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முதல் உரிமையாளர் எடுப்பித்தவரே. உரிமைக்காலம் மூல நெகற்றிவ் ஆக்கப்பட்டதிலிருந்து 50 ஆண்டுகள். எனவே, 1965 இல் தந்தையார் பிள்ளைகளை ஸ்ரூடியோவுக்கு அழைத்துச்சென்று எடுப்பித்த படத்தின் உரிமை தந்தையாருக்கு உரியதாயிற்று. அவருக்குப்பின் அது வழியுரிமையாளர் அனைவருக்கும் சேரும். ஒரே படத்துக்கு ரொறன்ரோவிலுள்ள அண்ணரும் கொழும்பிலுள்ள தங்கையும் கூட்டாக உரிமை கோரக்கூடிய நிலை இவ்வாறு ஏற்படுகின்றது.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் பொதுவிதி வேறு. ஆக்கியோனே முதல் உரிமையாளர். ஊழியத்தின்போது ஆக்கியதாயின் தொழில்கொள்வோர். ஆக்கியோனின் வாழ்நாளுக்கும் அவர் இறந்தபின் 70 ஆண்டுகளுக்கும் உரிமை நிலைக்கும். ஆகவே 2005 இல் எடுத்த பிறந்தநாட் படத்தின் உரிமை, எழுத்துமூலம் கைமாற்றப்பட்டாலன்றி, படப்பிடிப்பாளர் பக்கமே நிற்கும். மாமா தமது கமராவில் எடுத்திருந்தால் உரிமை மாமாவினுடையது! இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டம், பணம் கொடுத்து எடுப்பித்தவரையே முதல் உரிமையாளராக இன்றும் கொள்கின்றது. குடும்பப் படங்களைப் பொறுத்தவரை அவ்விதியே வழக்குக்கு இயைந்தது என்பது எமது கருத்து.

எனினும் அஞ்சவேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை ஏற்கின்றது. பயன்பாடு வாணிக நோக்குடையதா, ஆக்கம் எத்தகையது, எவ்வளவு எடுக்கப்பட்டது, அதன் சந்தைப் பெறுமதிக்கு ஊறு விளைகின்றதா என்பன கருதப்படும். மூடப்பட்ட ஸ்ரூடியோவின் பழைய படமொன்றை இலாபநோக்கின்றிப் பகிர்பவர்க்கு இவற்றுட் பெரும்பாலானவை சாதகமானவையே. படப்பிடிப்பாளரின் பெயர் படத்தின் பின்புறம் பொறிக்கப்பட்டிருப்பின் அதனையும் குறிப்பிடுதல் முறை; பெயர் குறிக்கப்பெறும் உரிமை ஆக்கியோனின் தார்மிக உரிமைகளுள் ஒன்றாகும்.

படத்திலுள்ள ஏனையோர் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். வகுப்புப் படத்தில் நாற்பது முகங்கள் இருப்பின், அவற்றுள் ஒன்றே நம்முடையது. இலங்கையில் உருவத்தின்மீதான உரிமையை நேரே வகுக்கும் தனிச்சட்டம் இல்லை. மானத்துக்கு ஊறு விளைந்தால் உரோமன்-டச்சுச் சட்டத்தின்வழி நட்டஈடு கோரலாம். ஜேர்மனியிலோ 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு, படத்திலிருப்பவரின் சம்மதத்தைப் பொதுவிதியாக வேண்டுகின்றது. அவர் இறந்தபின் 10 ஆண்டுகளுக்கு நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். அந்நாட்டில் வாழும் எம்மவர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

உடையின்றிக் கிடக்கும் கைக்குழந்தையின் படம் எம் வீடுகளில் வழமையானது. அதனை ஆபாசம் என ஒரு நீதிமன்று கொள்ளும் என நாம் கருதவில்லை. ஆயினும் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டனைச் சட்டக்கோவையிற் சேர்ந்த 286அ பிரிவு, சிறுவரின் ஆபாசப் படங்களை வெளியிடுதலைக் குற்றமாக்குகின்றது. வெளியிடுபவர் படத்திலுள்ளவரே என்பது அங்கு விலக்காகக் கூறப்படவில்லை. இணைய நிறுவனங்களின் தன்னியக்கப் பொறிகளோ கருத்தறியாதவை. 2022 இல் வெளிவந்த செய்தியொன்றின்படி, மகனின் நோயை மருத்துவருக்குக் காட்ட எடுத்த படங்களால் அமெரிக்கத் தந்தை ஒருவர் தமது கூகிள் கணக்கை இழந்தார். பொலிசார் குற்றமில்லை எனக் கண்டபின்னும் அது மீளவில்லை.

பெற்றோர் வெளியிட்ட படத்தை, வளர்ந்த பிள்ளை அகற்றக் கோரலாமா என்பது இதன் மறுபக்கம். பிரான்சு 2024 பெப்ரவரியில் இயற்றிய சட்டம், பிள்ளையின் உருவத்தைப் பேணல் பெற்றோர் இருவரதும் கூட்டுக்கடமை எனவும், வயதுக்கேற்பப் பிள்ளையையும் கலந்தே முடிவெடுத்தல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனியாள் ஒருவர் முற்றிலும் சொந்த, இல்லறத் தேவைகளுக்காகக் கையாளும் தரவுகளைத் தன் எல்லையிலிருந்து விலக்கியுள்ளது. எவரும் காணத்தக்க முகநூற் பக்கம் இல்லறத் தேவையாகுமா? ஐரோப்பிய நீதிமன்றம் 2003 இல் லின்ட்குவிஸ்ற் வழக்கில் ஆகாது என்றது.