வீரராகவும் பயிற்சியாளராகவும் கோப்பை வென்ற ‘ஜிகோ’: தாய்லாந்து கால்பந்தின் கியாட்டிசக் கடந்து வந்த பாதை

தென்கிழக்கு ஆசிய கால்பந்து சாம்பியன் பட்டத்தை முதலில் வீரராகவும் பின்னர் பயிற்சியாளராகவும் வென்ற முதல் நபர் தாய்லாந்தின் கியாட்டிசக் சேனாமுவாங். அவரது பயிற்சியில் அந்நாட்டு அணி 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து இருமுறை அக்கோப்பையைக் கைப்பற்றியது. ஆனால், இரண்டாவது வெற்றி கிடைத்த நான்கு மாதங்களுக்குள் அவர் பதவி விலக நேர்ந்தது. சொந்த மண்டலத்தில் வெல்ல முடியாத அணி, ஆசியக் கண்டத்தின் வலுவான அணிகளுக்கு எதிராக ஏன் தடுமாறியது என்ற கேள்விக்கான விடையும் அவரது பயணத்தில் அடங்கியுள்ளது.

யார் இந்த ‘ஜிகோ’?

தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள உடான் தானியில் 1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிறந்தவர் கியாட்டிசக். முன்கள வீரரான அவரை, பிரேசில் நட்சத்திரத்தின் பெயரால் ‘ஜிகோ’ என்றே ரசிகர்கள் அழைக்கின்றனர். கோல் அடித்ததும் மைதானத்தில் குட்டிக்கரணம் அடித்துக் கொண்டாடுவது அவரது அடையாளமாக இருந்தது.

1990-களின் தொடக்கம் முதல் 2007 வரை தேசிய அணிக்காக 130-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் களமிறங்கிய அவர், 70 கோல்கள் என்ற எல்லையைக் கடந்தவர். 1996-இல் சிங்கப்பூரில் நடைபெற்ற முதலாவது டைகர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 1-0 என்ற கணக்கில் தாய்லாந்து வென்றபோது, அந்த ஒரே கோலை அடித்தவரும் அவரே. 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்ற அணிகளிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

1998-இல் பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் காலிறுதி, இன்றளவும் அந்நாட்டு ரசிகர்களால் நினைவுகூரப்படுகிறது. இரு வீரர்கள் வெளியேற்றப்பட்ட நிலையிலும், ஒன்பது பேருடன் ஆடிய தாய்லாந்து, கூடுதல் நேரத்தில் கிடைத்த ‘தங்க கோல்’ மூலம் தென் கொரியாவை 2-1 என வீழ்த்தியது. அதில் தாய்லாந்தின் முதல் கோல் கியாட்டிசக் அடித்தது.

இங்கிலாந்தில் ஏமாற்றம், வியத்நாமில் ஏற்றம்

1999-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. எனினும், முதன்மை அணிக்காக ஓர் ஆட்டத்தில்கூட ஆடாமலேயே அவர் திரும்ப நேரிட்டது. பின்னர் சிங்கப்பூர் ஆயுதப் படை அணிக்காக விளையாடினார்.

2002-இல் எடுத்த முடிவு அவரது வாழ்க்கையின் திசையை மாற்றியது. வியத்நாமின் மத்திய மலைப்பகுதியில் உள்ள பிளேகு நகரைச் சேர்ந்த ஹோவாங் அன் கியா லாய் கிளப்பில் அவர் இணைந்தார். கால்பந்தில் தாய்லாந்தும் வியத்நாமும் பரம எதிரிகளாகக் கருதப்படும் சூழலில், அப்பிராந்தியத்தின் பெரும் நட்சத்திரம் ஒரு வியத்நாம் கிளப்புக்குச் சென்றது வியப்பை ஏற்படுத்தியது. அந்த அணி 2003, 2004 ஆகிய இரு ஆண்டுகளிலும் வியத்நாம் லீக் பட்டத்தை வென்றது. அங்கேயே ஆட்டக்காரராக இருந்தபடி பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்று, தனது அடுத்த பயணத்தை அவர் தொடங்கினார். பின்னர் தாய்லாந்தின் சோன்புரி உள்ளிட்ட கிளப்புகளுக்கும் பயிற்சியளித்தார்.

சரிவில் இருந்த அணி

கியாட்டிசக் தேசிய அணியின் பொறுப்புக்கு வந்தபோது தாய்லாந்து கால்பந்து நம்பிக்கை இழந்திருந்தது. 2002-க்குப் பிறகு தென்கிழக்கு ஆசியக் கோப்பை கிடைக்கவில்லை. 2007, 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் இறுதி ஆட்டம் வரை சென்று தோல்வியே மிஞ்சியது. 23 வயதுக்குட்பட்டோர் அணி 2009, 2011 தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் குரூப் சுற்றைக்கூடத் தாண்டவில்லை.

2013 ஜூனில் இடைக்காலப் பயிற்சியாளராக அவர் வழிநடத்திய அணி, சீனாவை அதன் சொந்த மண்ணில் 5-1 என்ற கணக்கில் தோற்கடித்து அதிர்ச்சி அளித்தது. அந்தத் தோல்வியைத் தொடர்ந்து சீன அணியின் ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் கமாச்சோ பதவியை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில், மியான்மரில் நடைபெற்ற தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் இளையோர் அணி தங்கம் வென்றது. 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்காம் இடம் பிடித்தது.

இளைஞர்களை நம்பியதே இந்த மாற்றத்துக்கு அடிப்படை. தன்னிடம் இளையோர் அணியில் ஆடிய சனாதிப் சோங்க்ராசின், சாரில் சப்புய்ஸ் போன்றவர்களை அவர் அப்படியே மூத்தோர் அணிக்கு அழைத்து வந்தார். உயரமான பந்துகளை நம்பாமல், குட்டையான, வேகமான பாஸ்களால் எதிரணியைச் சிதறடிப்பது அவரது பாணி.

அதன் பலன் 2014 டிசம்பரில் தெரிந்தது. தென்கிழக்கு ஆசியக் கோப்பையின் இறுதிச்சுற்று முதல் ஆட்டத்தில் பாங்காக்கில் மலேசியாவை 2-0 என தாய்லாந்து வென்றிருந்தது. ஆனால், கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் மைதானத்தில் நடைபெற்ற இரண்டாவது ஆட்டத்தில் மலேசியா 3-0 என முன்னிலை பெற, கோப்பை கைநழுவும் நிலை உருவானது. 82-ஆவது நிமிஷத்தில் சப்புய்ஸும், 87-ஆவது நிமிஷத்தில் சனாதிப்பும் கோல் அடித்தனர். ஆட்டத்தில் 3-2 எனத் தோற்றாலும், மொத்த கணக்கில் 4-3 என தாய்லாந்து பட்டம் வென்றது. 12 ஆண்டுக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது.

ஒரே ஒரு புள்ளி

2018 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், இராக், வியத்நாம் ஆகிய அணிகள் இடம்பெற்ற பிரிவில் முதலிடம் பிடித்து, ஆசியாவின் கடைசி 12 அணிகளில் ஒன்றாக தாய்லாந்து முன்னேறியது. 2002 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றுக்குப் பிறகு அந்நாடு இறுதிக்கட்டச் சுற்றை எட்டியது அதுவே முதல் முறை.

அங்கு காத்திருந்தவை ஜப்பான், ஆஸ்திரேலியா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், இராக் ஆகிய அணிகள். சவூதியிடம் முதல் ஆட்டத்தில் கடைசி நேர பெனால்டியால் 1-0 எனத் தோற்றது முதல் தொடர் தோல்விகள். மன்னர் பூமிபோல் மறைந்து ஒரு மாதமே ஆகியிருந்த நிலையில், 2016 நவம்பரில் பாங்காக்கில் ஆஸ்திரேலியாவுடன் 2-2 என டிரா செய்ததே ஒரே ஆறுதல். இதற்கிடையே, 2016 டிசம்பரில் இந்தோனேசியாவை வீழ்த்தி தென்கிழக்கு ஆசியக் கோப்பையை அந்த அணி தக்கவைத்துக் கொண்டது.

ஆனால், 2017 மார்ச்சில் சவூதியிடம் 3-0, ஜப்பானிடம் 4-0 என அடுத்தடுத்து தாய்லாந்து தோல்வியைத் தழுவியது. ஏழு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. அடித்த கோல்கள் 3. வாங்கிய கோல்கள் 19. அந்த மாத இறுதியில் கியாட்டிசக் விலகினார்.

தவறு யாருடையது?

பந்தைத் தம் வசம் வைத்து ஆடும் உத்தி, சமபலம் கொண்ட அணிகளுக்கு எதிராகப் பலன் தந்தது. உடல் வலுவும் வேகமும் மிக்க அணிகள் நெருக்கும்போது, அதே உத்தி தற்காப்பில் இடைவெளிகளை ஏற்படுத்தியது. ஐரோப்பாவிலும் ஆசியாவின் முன்னணி லீக்குகளிலும் ஆடும் வீரர்களைக் கொண்ட எதிரணிகளுக்கு முன்னால், பெரும்பாலும் உள்நாட்டு லீக்கில் ஆடுவோரைக் கொண்டே தாய்லாந்து களமிறங்கியது. சனாதிப் ஜப்பானின் சப்போரோ கிளப்புக்கு ஆடத் தொடங்கியதே 2017-இன் பிற்பகுதியில்தான்.

அவருக்குப் பின் நியமிக்கப்பட்ட செர்பியரான மிலோவன் ரயேவாக் அனுபவம் மிக்கவர். 2010 உலகக் கோப்பையில் கானாவைக் காலிறுதி வரை அழைத்துச் சென்றவர். அவரது பதவிக்காலம் முடிந்த விதம் இந்திய ரசிகர்களுக்கு நன்கு நினைவிருக்கும். 2019 ஜனவரியில் அபுதாபியில் நடைபெற்ற ஆசியக் கோப்பை ஆட்டத்தில் சுனில் சேத்ரியின் இரு கோல்களுடன் இந்தியா 4-1 என தாய்லாந்தை வீழ்த்தியது. ஆசியக் கோப்பையில் 1964-க்குப் பிறகு இந்தியா பெற்ற முதல் வெற்றி அது. மறுநாளே ரயேவாக் நீக்கப்பட்டார். பயிற்சியாளரை மாற்றியதால் மட்டும் கண்ட அளவிலான இடைவெளி குறைந்துவிடவில்லை என்பதை அந்தத் தோல்வி உணர்த்தியது.

மீண்டும் பிளேகு

கியாட்டிசக் மீண்டும் ஹோவாங் அன் கியா லாய் அணிக்குத் திரும்பினார். 2021 பருவத்தில் 12 ஆட்டங்கள் முடிவில் அந்த அணி 29 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தபோது, கரோனா பரவலால் வியத்நாம் லீக் ரத்து செய்யப்பட்டது. யாருக்கும் பட்டம் வழங்கப்படவில்லை. எனினும், 2022 ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் வாய்ப்பு அந்த அணிக்குக் கிடைத்தது. 2024 தொடக்கத்தில் ஹனோய் காவல் துறை அணியின் பயிற்சியாளராகச் சில மாதங்கள் பணியாற்றினார்.

தாய்லாந்து அதன்பின் 2020, 2022 போட்டிகளிலும் தென்கிழக்கு ஆசியக் கோப்பையை வென்று, ஏழு பட்டங்களுடன் முன்னிலை வகிக்கிறது. அவற்றில் மூன்றில் வீரராகவும் இரண்டில் பயிற்சியாளராகவும் பங்காற்றியவர் ‘ஜிகோ’. உலகக் கோப்பையில் ஆடும் கனவு மட்டும் அந்நாட்டுக்கு இன்னும் எட்டாமலேயே உள்ளது.