நடந்தால் வலி, நின்றால் தணிவு: கால் தமனி அடைப்பு

எங்கள் இரத்தக்குழாய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரில் பலர் வேறு பல இடங்களுக்குச் சென்றுவிட்டே இங்கு வருகின்றனர். நரம்புத் தளர்ச்சி என்று கருதிச் சத்து ஊசி போட்டுக்கொண்டவர்கள், மூட்டுத் தேய்மானம் என்று பல மாதங்கள் தைலம் தேய்த்தவர்கள், வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று கடைத்தெருவுக்குச் செல்வதையே நிறுத்திக்கொண்டவர்கள் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். இக்குழப்பத்தில் நம் பேச்சுவழக்குக்கும் ஒரு பங்கு உண்டு. ஊசி போடும் சிரையை நரம்பு என்கிறோம். துடிக்கும் தமனியையும் நரம்பு என்கிறோம். உணர்வைக் கடத்தும் உண்மையான நரம்புக்கும் அதுவே பெயர். ஆகவே, ‘கால் நரம்பு இழுக்கிறது’ என்று ஒருவர் கூறும்போது, இம்மூன்றில் எது பழுதுபட்டுள்ளது என்பதைக் கண்டறிவதே எங்கள் முதல் வேலையாகிறது. இக்கட்டுரையில் நாங்கள் விளக்க முற்படுவது தமனியைப் பற்றி மட்டுமே.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, ஏறத்தாழத் தொப்புளின் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு காலுக்கும் ஒரு கிளையை அனுப்புகிறது. அக்கிளை தொடை வழியாக இறங்கி, முழங்காலின் பின்புறத்தைக் கடந்து, அதற்குக் கீழே மூன்று சிறு தமனிகளாகப் பிரிந்து பாதத்தைச் சென்றடைகிறது. இவ்வழியில் எங்கேனும் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாய் குறுகுமானால், அமர்ந்திருக்கும்போது எவ்விதத் தொல்லையும் தெரியாது. ஓய்விலிருக்கும் தசைக்குச் சிறிதளவு இரத்தமே போதும். நடக்கும்போதோ அதே தசை பல மடங்கு இரத்தத்தைக் கேட்கிறது. குறுகிய குழாயால் அதைக் கொடுக்க இயலாதபோது கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. நின்றுவிட்டால் சில நிமிடங்களில் வலி தணிந்துவிடும். மீண்டும் ஏறத்தாழ அதே தொலைவு நடந்ததும் மறுபடி வரும். இந்த ஒழுங்குதான் நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்படுவதாலும் நடக்கையில் கால் வலி வரக்கூடும். ஆனால் அவ்வலி வெறுமனே நின்றால் குறையாது. உட்காரவோ முன்பக்கம் குனியவோ வேண்டியிருக்கும். தமனி அடைப்பினால் வரும் வலி நின்ற நிலையிலேயே தீர்ந்துவிடும். நாள் முழுதும் நின்றபின் மாலையில் கால் கனத்து வீங்குவது பெரும்பாலும் சிரைகளின் கோளாறாகும். புடைத்துச் சுருண்டு தெரியும் சுருள் சிரை நோயையும் தமனி அடைப்பையும் ஒன்றெனக் கருதிக் கவலையுறுவோர் பலர். இரண்டும் வெவ்வேறு நோய்கள். சுருள் சிரைக்காக அணியும் இறுக்கமான காலுறை, தமனி அடைப்புள்ள காலுக்குத் தீங்கு செய்யவும் கூடும்.

நெடுநாள் சர்க்கரை நோயுள்ளவர்களிடம் மேற்கூறிய எச்சரிக்கை பல வேளைகளில் கிடைப்பதே இல்லை. சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வு நரம்புகளையும் மழுங்கச் செய்துவிடுவதால், வர வேண்டிய வலி வருவதில்லை. முழங்காலுக்குக் கீழுள்ள சிறு தமனிகள் அடைபட்ட நிலையிலும் அவர் வலியின்றி நடமாடிக்கொண்டிருப்பார். கோயில் பிரகாரத்தின் சுடுகல்லில் வெறுங்காலுடன் நடந்து ஏற்பட்ட கொப்புளமோ, புதுச் செருப்பு கடித்த இடமோ, நகம் வெட்டும்போது பட்ட கீறலோ ஆறாமல் நின்றுவிட்ட பிறகுதான் நோய் வெளிப்படுகிறது. இரு வாரங்களாகியும் ஆறாத பாதப் புண்ணை, அது எவ்வளவு சிறியதாயினும், மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

அடைப்பு முற்றிய நிலையில், படுத்திருக்கும்போதே பாதத்திலும் விரல்களிலும் வலி தோன்றும். இரவில் எழுந்து காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் சற்று இதமாக இருக்கும். புவியீர்ப்பு கொஞ்சம் இரத்தத்தைக் கீழே இறக்கிக் கொடுப்பதே அதற்குக் காரணம். நாற்காலியில் காலைத் தொங்கவிட்டபடியே உறங்கும் பெரியவர் உங்கள் இல்லத்தில் இருந்தால், அதை ஒரு பழக்கமாகக் கருத வேண்டாம். அடுத்த சிகிச்சை நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

நோயைக் கண்டறியும் முதற்சோதனை மிக எளியது, வலியற்றது. தொடை மடிப்பிலும், முழங்காலின் பின்புறத்திலும், பாதத்தின் மேற்புறத்திலும், உட்கணுக்காலின் பின்னும் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்க்கிறோம். பின்னர் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்கிறோம். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விகிதம் 0.6 ஆகும். நலமுள்ள காலில் இவ்விகிதம் 1.0 முதல் 1.4 வரை இருக்கும். 0.9 அல்லது அதற்குக் கீழே சென்றால் தமனி அடைப்பு உண்டு என்று கொள்ளலாம், 0.4-க்குக் கீழே சென்றால் கால் ஆபத்தில் உள்ளது. சர்க்கரை நோயாளிகள் சிலரிடம் தமனியின் சுவர் சுண்ணாம்பேறிக் கெட்டிப்பட்டிருப்பதால், உறையை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் அமுங்காது, விகிதம் 1.4-க்கு மேல் பொய்யாக உயர்ந்து காட்டும். அறிக்கையில் பெரிய எண்ணைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அத்தகையோருக்குக் கால் பெருவிரலில் அழுத்தத்தை அளக்கிறோம்.

அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டும். இதில் ஊசியோ கதிர்வீச்சோ இல்லை. சி.டி. ஆஞ்சியோகிராம் இன்னும் தெளிவான வரைபடத்தைத் தரும். ஆயினும், அதற்காகச் செலுத்தப்படும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் கிரியாட்டினின் அளவைப் பார்த்த பின்னரே செய்கிறோம். மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்வோரும், முன்பு எக்ஸ்ரே மருந்தினால் ஒவ்வாமை ஏற்பட்டவர்களும் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

படத்தைப் பார்த்ததும் குடும்பத்தினர் கேட்கும் முதற்கேள்வி, ‘அடைப்பை எப்போது எடுப்பீர்கள்?’ என்பதே. எங்கள் விடை பலருக்கு ஏமாற்றமளிக்கிறது. படத்தில் தெரியும் அடைப்பு ஒவ்வொன்றையும் திறக்க வேண்டியதில்லை. நடக்கும்போது மட்டும் வலி உள்ளவர்களில் மிகச் சிலரே காலை இழக்கும் நிலைக்குச் செல்கின்றனர். அவர்களை மிகுதியாக அச்சுறுத்துவது மாரடைப்பும் பக்கவாதமும் ஆகும். கால் தமனியில் படிந்தது இதயத்திலும் மூளைக்குச் செல்லும் குழாய்களிலும் படிந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே அவர்களுக்கு நாங்கள் முதலில் எழுதித் தருபவை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மருந்துகள், இவற்றோடு நடைப்பயிற்சி. கொழுப்பு அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று ஸ்டாட்டினைத் தாமாக நிறுத்திவிடுவோர் பலர். அம்மாத்திரை அளவைக் குறைப்பதற்கு மட்டுமன்று, படிந்துள்ள கொழுப்பு வெடித்து உறைகட்டி உண்டாகாமல் காப்பதற்குமாகும்.

வலிக்கும் காலை நடக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். வலி ஓரளவு மிகும் வரை நடந்து, நின்று, அது தணிந்ததும் மீண்டும் நடக்க வேண்டும். இவ்வாறு 30 முதல் 45 நிமிடங்கள் வரை, வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள், 12 வாரங்கள் தொடர்ந்தால் பெரும்பாலோருக்கு நடக்கக்கூடிய தொலைவு தெளிவாகக் கூடுகிறது. பாதத்தில் புண் உள்ளவர்களும் ஓய்விலேயே வலி உள்ளவர்களும் இப்பயிற்சியைச் செய்யலாகாது.

புகையிலையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறியாக வேண்டும். நாற்பது வயதைக்கூடத் தாண்டாத, சர்க்கரை நோயோ கொழுப்போ இல்லாத, பீடி புகைக்கும் ஆண்கள் விரல் கறுத்து எங்களிடம் வருகின்றனர். 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்னும் மருத்துவர் விரிவாக விவரித்ததால் அவர் பெயரையே பெற்ற நோய் இது. கை, கால்களின் சிறு குழாய்கள் அழன்று உறைகட்டி மூடிக்கொள்கின்றன. இக்குழாய்கள் மிகச் சிறியவை என்பதால் பலூனுக்கும் பைபாசுக்கும் இங்கு இடம் குறைவு. புகையிலையை முற்றிலும் விட்டவர்களிடம் நோய் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நாளைக்கு ஒன்றிரண்டு மட்டும் என்று குறைத்துக்கொண்டவர்களிடம் நிற்பதில்லை. வாயில் போடும் புகையிலைக்கும் இது பொருந்தும்.

ஓய்விலும் வலி, ஆறாத புண், கறுத்த விரல் ஆகியவை இருந்தால் நிலைமை வேறு. அப்போது இரத்த ஓட்டத்தை மீட்டாக வேண்டும், காலதாமதம் கூடாது. 1964-ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், கால் அகற்றும் அறுவைக்கு உடன்பட மறுத்த 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியைச் சார்லஸ் டாட்டர் என்னும் கதிரியக்க மருத்துவர் கம்பியும் குழாயும் செலுத்தி விரித்துத் திறந்தார். பாதம் வெதுவெதுப்பானது, அம்மூதாட்டி தம் கால்களிலேயே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். பத்தாண்டுகளுக்குப் பின்னர் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் அதே வேலைக்குப் பலூனைப் பயன்படுத்தினார். இதயத்துக்குச் செய்யப்படும் ஆஞ்சியோபிளாஸ்டி காலில் தொடங்கிய சிகிச்சை என்பதை அறிந்தோர் குறைவு.

இன்றும் முறை ஏறத்தாழ அதுவே. தொடை மடிப்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய கம்பியை அடைப்பின் ஊடே செலுத்தி, பலூனை விரிக்கிறோம். தேவைப்படும் இடத்தில் ஸ்டென்ட் வைக்கிறோம். முழங்கால் மடங்கும் இடத்தில் ஸ்டென்ட் நசுங்கவும் முறியவும் கூடும் என்பதால் இயன்றவரை தவிர்க்கிறோம். அடைப்பு மிக நீளமாக இருந்து, நோயாளியின் உடல் அறுவையைத் தாங்கக்கூடியதாகவும் இருந்தால், அவருடைய காலிலிருந்தே சிரையை எடுத்துப் பைபாஸ் செய்வது பலருக்கு நீண்ட நாள் பயன் தருகிறது. எவ்வழியில் திறந்தாலும் குழாய் மீண்டும் குறுகக்கூடும். பலூன் வைத்தாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துவது அதற்கு வாயிலைத் திறந்துவிடுவதாகும்.

கறுத்த விரலுடன் வருவோரின் குடும்பத்தினர், ‘விரலை மட்டும் எடுத்துவிடுங்கள், போதும்’ என்று கேட்பதுண்டு. இரத்தம் வந்து சேராத பாதத்தில் விரலை வெட்டினால், அவ்வெட்டே ஆறாத புதிய புண்ணாகிவிடும். விரல், பின் பாதம், பின் முழங்காலுக்குக் கீழ் என்று அறுவை மேலேறிக்கொண்டே போகும். எனவே பாதத்தில் எந்த அறுவைக்கும் முன்பும், ‘இரத்த ஓட்டம் பார்த்தாகிவிட்டதா?’ என்று, எங்கு சிகிச்சை பெற்றாலும், தயங்காமல் கேளுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. சீழ் பிடித்து, காய்ச்சலுடன் தொற்று மேலே பரவுமானால், முதலில் சீழை வெளியேற்றி உயிரைக் காக்க வேண்டும். இரத்த ஓட்டத்தை அடுத்த ஓரிரு நாட்களில் பார்க்கலாம். எல்லாம் செய்தும் சிலரது காலைக் காக்க இயலாமல் போவதுண்டு. அந்நிலையிலும் முழங்காலை மிச்சப்படுத்த முடிந்தால், செயற்கைக் கால் பொருத்தி நடப்பது மிகவும் எளிதாகிறது.

இதுவரை கூறியவை மாதக்கணக்கில் வளரும் அடைப்பைப் பற்றியவை. இதயத் துடிப்பு சீரற்றவர்களுக்கும் வால்வு நோய் உள்ளவர்களுக்கும், இதயத்தில் உண்டான உறைகட்டி திடீரென்று கால் தமனிக்குள் சென்று அடைத்துக்கொள்ளக்கூடும். கால் ஒரே நேரத்தில் கடுமையாக வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போகும். விரல்களை அசைக்க இயலாது. தசைகள் ஏறத்தாழ 6 மணி நேரமே தாங்கும். சுடுநீர்ப் பை ஒத்தடம் கொடுக்க வேண்டாம். உணர்வற்ற தோல் வெந்துவிடும். எண்ணெய் தேய்த்து உருவவும் வேண்டாம். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உட்கொள்ளும் மருந்துச் சீட்டுகளுடன், வெளிநோயாளர் வரிசையில் நிற்காமல் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வாகனம் இல்லையெனில் 108-ஐ அழையுங்கள்.