டாங்கி இல்லாத சுடுநீர்: கலகெதர வீட்டுக்குச் சரிவருமா?

மார்கழி, தை விடியலில் பச்சைத்தண்ணீர்க் குளிப்பு கலகெதரயிலும் உடம்பை நடுங்க வைக்கும். ஆனாலும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகல் நோக்கி இறங்கும் வீதியில் இருக்கும் இவ்வூர் கண்டி நகரத்தைவிடத் தாழ்வானது. 1,868 மீற்றர் உயர நுவரெலியாவின் குளிர் இங்கில்லை. டாங்கி ஹீட்டரை விட்டு உடனடி ஹீட்டருக்கு மாற நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

உடனடி ஹீட்டரில் தண்ணீர் சேர்த்து வைக்கப்படுவதில்லை. பைப்பைத் திறந்ததும் நீரோட்டத்தை உணரும் சுவிட்ச் கரண்டை விடும். சூடேற்றியைக் கடக்கிற சில நொடிக்குள் தண்ணீர் சூடாகிவிட வேண்டும். அதனால்தான் இதற்கு வலு அதிகம் தேவை. 22 பாகைத் தண்ணீரை 38 பாகையாக்க 3.5 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்குச் சுமார் 3 லீற்றர் தரும், 5.5 கிலோவாட் ஏறத்தாழ 5 லீற்றர். குளிர்நாட்டில் 14 பாகையில் தண்ணீர் வந்தால், அதே 5.5 கிலோவாட்டும் 3 லீற்றரைச் சற்றே தாண்டும்.

நிமிடத்துக்கு 4 லீற்றர் வீதம் 8 நிமிடம் குளித்தால் 0.6 யூனிட் போகும். 50 லீற்றர் டாங்கியை 60 பாகைக்கு ஏற்ற 2.2 யூனிட் வேண்டும். ஒருவர் மட்டும் குளிக்கும் வீட்டில் மீதிச் சூடு வீணாக ஆறிப்போகும். நாலு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் பெரிய வித்தியாசம் இல்லை. யூனிட் கூடக்கூட அதன் விலையும் ஏறும் நம் மின்கட்டணத்தில் இதைக் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

எனக்குக் கவலை வயரிங்கில்தான். 5.5 கிலோவாட் ஹீட்டர் 24 அம்பியர் இழுக்கும். வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால், குளிக்கும் நேரத்தில் கேத்தலையும் போட்டால் மெயின் விழக்கூடும். 3.5 கிலோவாட்டுக்கே 15 அம்பியர் போவதால் 13 அம்பியர் பிளக்கில் சொருகவே கூடாது. போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த், நான்கும் கட்டாயம்.

கூரையில் டாங்கி தாழ்வாக இருந்தால் அழுத்தம் போதாமல் ஹீட்டர் வேலை தொடங்காது. பம்ப் உள்ளதை வாங்குங்கள். கேஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் பொருத்த வேண்டாம். 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மோன் செய்த முதல் உடனடி கேஸ் ஹீட்டருக்குப் புகைபோக்கி இல்லை. மூடிய அறையில் சேரும் காபன் மொனொக்சைட்டு மணமே இல்லாமல் உயிரைக் குடிக்கும்.

ஒரே குளியலறை, இரண்டு மூன்று பேர் என்றால் தாராளமாக மாறலாம். கடைக்குப் போகுமுன் மின்தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.