கருமுட்டை ஊசி போட்ட பிறகு வீட்டு டெஸ்ட் எப்போது செய்யலாம்?

ஊசி போட்டு ஆறு நாள்தான் ஆகிறது. மனசு கேட்காமல் மெடிக்கலில் கிட் வாங்கி டெஸ்ட் செய்கிறீர்கள். இரண்டு கோடு! போட்டோ எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்க. அந்தக் கோடு காட்டுவது கர்ப்பத்தை அல்ல, ஊசி மருந்தாக இருக்கலாம்.

ஏன் இப்படி?

குழந்தைப்பேறு சிகிச்சையில் முட்டை முதிர்ந்து வெளிவருவதற்காக எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை ஊசியாகப் போடுகிறார்கள். கர்ப்பம் தரித்ததும் உடம்பு தானாகச் சுரப்பதும் இதே ஹார்மோன்தான். டெஸ்ட் கிட் தேடுவதும் இதைத்தான். எது ஊசியில் வந்தது, எது கருவிலிருந்து வந்தது என்று கிட்டுக்குத் தெரியாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஊசி போட்ட இடத்திலிருந்து மருந்து மெதுவாக ரத்தத்தில் கலந்து, சுமார் ஒரு நாளுக்குள் உச்ச அளவை எட்டும். மூலக்கூறு பெரியது என்பதால் பெரும்பாலும் ரத்தத்திலும் செல்களைச் சுற்றியுள்ள திரவத்திலும்தான் இருக்கும். கல்லீரலும் சிறுநீரகமும் இதைச் சிதைத்து அகற்றுகின்றன. ஒரு சிறு பங்கு சிறுநீரில் வெளியேறும். கிட் பிடிப்பது அதைத்தான்.

பிரசவத்தின்போது கொடுக்கும் ஆக்சிடோசின் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். எச்.சி.ஜி. பாதியாகக் குறைய சுமார் ஒன்றரை நாள் ஆகும். இதன் மேல் ஒட்டியுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் கவசம் மாதிரி இருந்து, சீக்கிரம் சிதையாமல் காக்கின்றன.

ஒரு சின்ன கணக்கு

10,000 யூனிட் ஊசி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதி என்றால், 6 நாளில் சுமார் 625, 9 நாளில் 156, 15 நாளில் 10 யூனிட் மிச்சம். இது தோராயம்தான், ஊசியின் அளவு, உடல்வாகு பொறுத்து மாறும். நிறைய தண்ணீர் குடித்தால் மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும் என்பது சரியல்ல.

என்ன செய்யலாம்?

• ஊசி போட்ட தேதி, நேரம், அளவை போனில் குறித்து வையுங்கள்.

• டாக்டர் சொன்ன நாளில், பொதுவாக இரண்டு வாரம் கழித்து, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஊசியின் மிச்சம் என்றால் அளவு குறையும். கர்ப்பம் என்றால் ஏறும்.

• ஒரே கோடு வந்தது என்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க. டெஸ்ட் நாள் இன்னும் வராமல் இருக்கலாம்.

• வயிறு உப்பி வலித்தாலோ, வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

கர்ப்பம் உறுதியானதும் கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் சொல்லி பிக்மி பதிவை முடித்துவிடுங்கள். அம்மாவுக்கு அந்த போட்டோவை அப்போது தைரியமாக அனுப்பலாம்.